அங்கே இப்போது மணி என்ன?

"பசியாறிட்டீங்களா மாமா?" என்று காலை ஒன்பது மணிக்குக் கேட்டுப் பாருங்கள். "நான் ஆச்சு. தம்பிதான் இன்னும் எந்திரிக்கல. அங்க இப்ப ராத்திரி ரெண்டு மணி" என்பார். நாம் கேட்டது அவர் வயிற்றைப் பற்றி. அவர் பதில் சொன்னது ஜெர்மனியில் இருக்கும் ரேகன்ஸ்பர்க் நகரத்தைப் பற்றி.

ஆயர் குரோவில் எந்தத் தாமானில் நுழைந்தாலும் இப்படி ஒருவர் இருப்பார். மகனுக்கு வெளிநாட்டில் போஸ்டிங். மருமகள், பேரப்பிள்ளைகள் எல்லாரும் பெட்டி கட்டிக்கொண்டு போயாயிற்று. போகாதவர் இவர் ஒருவர்தான். ஆனால் அங்கத்திய மணியில் வாழ்பவரும் இவர் ஒருவர்தான். மகன் டோஹாவில் இருந்தால் நமக்கு ஐந்து மணி நேரம் பின்னால் வாழ்வார். மெல்பர்னில் இருந்தால் இரண்டு மணி நேரமோ மூன்று மணி நேரமோ முன்னால். பெர்த்தில் மகனை வைத்திருப்பவர் பாடுதான் பரிதாபம். வருஷம் முழுக்க அங்கேயும் இதே மணி. பேச்சைத் தொடங்கவே அவருக்கு வழியில்லாமல், அங்கே வீடு என்ன விலை என்பதைச் சொல்லிக்கொண்டு திரிகிறார். சிங்கப்பூர்க்காரர்களை நாம் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

எங்கள் தாமானில் இருப்பவர் ஜெர்மன் மாமா. பெயர் வைத்தது நானில்லை, ஒட்டுக்கடைக்காரர். பத்து பெரண்டாமில் 1970-களில் சீமென்ஸ் என்று வந்து, பிறகு இன்ஃபினியோன் என்று பெயர் மாறியதே சிப் தொழிற்சாலை, அதில் மகனுக்கு எஞ்சினியர் வேலை. அங்கிருந்து ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். மகன் போன மறுவாரமே மாமா சுவரில் ஆணி அடித்துவிட்டார்.

அந்தச் சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாமி மேடைக்குப் பக்கத்தில் இரண்டு கடிகாரங்கள். ஒன்று, கோயில் திருப்பணிக்குப் பணம் கொடுத்தவர்களுக்குக் கிடைத்தது. முருகன் படம் போட்டது. முருகன் மலேசிய நேரம் காட்டுவார். மற்றது புதுசு. அதன் அடியில் வெள்ளைக் காகிதத்தில் நீல மையால் 'தம்பி' என்று எழுதி, ஓரம் சுருளாமல் நான்கு பக்கமும் செலோடேப் ஒட்டியிருக்கிறார். ஈப்போவிலிருந்து வந்த அவருடைய சித்தப்பா ஒருவர் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சோபாவில் கண்ணயர்ந்தார். விழித்துப் பார்த்தால் மணி ஒன்பது. கடைசி பஸ்ஸும் போய்விட்டது என்று பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடியவருக்கு, வெளியே வெயில் கொளுத்துவதைப் பார்த்த பிறகுதான் தாம் பார்த்தது தம்பி என்று தெரிந்தது. மலாக்கா சென்ட்ரலில் அவரை ஏற்றிவிட்டு வந்த மாமா சிரிக்கவில்லை. "தப்பு அவர் மேலதான். அங்க காலையில ஒன்பது, சரியாத்தானே காட்டுச்சு?" என்றார்.

வருஷத்துக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டில் திருவிழா. மார்ச் மாதக் கடைசி ஞாயிறு, அக்டோபர் கடைசி ஞாயிறு. ஐரோப்பாவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வைக்கும் நாள், திரும்ப இழுத்து வைக்கும் நாள். அது நமக்குச் சரியாகக் காலை ஒன்பது மணிக்கு நடக்கிறது. எட்டே முக்காலுக்கே மாமா முக்காலி மேல் ஏறிவிடுவார். அத்தை முக்காலியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அடுப்பில் தோசை கருகும். "கொஞ்சம் முன்னாடியே திருப்பினா என்ன?" என்று அத்தை கேட்டால், மேலிருந்து பார்க்கிற பார்வையே பதில். ஒன்பது அடித்ததும் முள்ளைத் திருப்பி, இறங்கி, வேட்டியைச் சரிசெய்து, தாமான் வாட்ஸ்அப் குழுவில் செய்தி போடுவார்: இன்று முதல் ஆறு மணி நேர வித்தியாசம், அனைவரும் குறித்துக்கொள்ளவும். யார் குறித்துக்கொள்வது? குப்பை லாரி எப்போது வரும் என்று கேட்பதற்காக ஆரம்பித்த குழு அது.

சாவு வீட்டிலும் விடமாட்டார். "மூணு மணிக்கு எடுக்கிறாங்களாம்" என்று யாரோ தணிந்த குரலில் சொல்ல, அதைவிடத் தணிந்த குரலில், "அப்ப அங்க காலையில எட்டு" என்றார். இறந்தவருக்கு ஜெர்மனியில் யாரும் கிடையாது. மாசி மகத்தன்று செங் சன்னாசிமலைக் கோயில் கூட்டத்தில் போனைத் தலைக்கு மேல் தூக்கி மகனுக்கு நேரலை காட்டிக்கொண்டு நின்றதால், பின்னால் இருந்த எங்களுக்கெல்லாம் சாமிக்குப் பதில் மாமாவின் முழங்கைதான் தரிசனம்.

இவரைக் கேலி செய்து முடித்துவிடலாம் என்று பார்த்தால், ஒரு நாள் தே தாரேக் ஆறும்வரை வேறு கதை சொன்னார். 1981 டிசம்பர் 31 இரவு, பதினொன்றரை மணிக்குத் தீபகற்ப மலேசியா முழுக்கக் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளினார்கள். சபா, சரவாக்கோடு ஒரே நேரமாக்க வேண்டும் என்று. அந்த வருஷம் பதினொன்றரையிலிருந்து நேரே 1982 பிறந்துவிட்டது. மாமாவின் அப்பா அப்போது ஜாசின் பக்கத்து எஸ்டேட்டில் பால் வெட்டிக்கொண்டிருந்தார். பெரட்டுக்கு மணி அடிக்கும்போது முன்னைவிட இருட்டு. கிழவர் கிராணியிடம் போய், "அந்த அரை மணிக்கு யார் சம்பளம் கொடுப்பா?" என்று கேட்டாராம். அதற்கு முன்னால் தாத்தா காலம். ஜப்பான்காரன் வந்து தோக்கியோ நேரத்தைப் புகுத்தி, கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளினான். "எங்க குடும்பத்துல கடிகாரத்தை எப்பவும் வேற எவனோதான் திருப்பியிருக்கான். இப்பத்தான் நானா திருப்புறேன்" என்றார். அதற்கு என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டார். அங்கே பேரன் பள்ளியிலிருந்து வரும் நேரம்.

எனக்கு எரிச்சல் வருவது கடிகாரத்தால் அல்ல, போனால்.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தால் மாமாதான் எடுப்பார். "இப்ப மணி பன்னெண்டா?" என்பார். அவருக்குத் தெரியாதா? "எத்தனை டிகிரி?" அதுவும் தெரியும், காலையிலேயே பார்த்தாயிற்று. "ஜன்னலைக் காட்டு. பனி விழுதா?" மருமகள் போனைத் திருப்பி ஜன்னலைக் காட்டுவாள். மறுநாள் ஒட்டுக்கடையில் நமக்கு அந்த ஜன்னல் கிடைக்கும். காலிப் பிளாஸ்டிக் போத்தலைத் திருப்பிக் கொடுத்தால் 25 சென்ட் யூரோ தருகிறார்கள் என்பதை எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறார் தெரியுமா! ரிங்கிட்டில் கணக்குப் போட்டு, நம் மேசையில் இருக்கும் காலிப் போத்தலையும் சுட்டிக்காட்டுவார்.

அந்த ஜன்னலுக்குள் இருக்கும் பெண்ணைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இங்கே தமிழ்ப்பள்ளி ஆசிரியை அவள். கணவனோடு போவதற்காகச் சம்பளமில்லா விடுப்பு எடுத்துக்கொண்டு போனவள். டிசம்பரில் அங்கே எட்டு மணிக்குத்தான் விடிகிறது. சாயங்காலம் நாலரைக்குள் பொழுது சாய்ந்துவிடுகிறது. இருட்டிலேயே எழுந்து இரண்டு பிள்ளைகளுக்கும் உள்சட்டை, மேல்சட்டை, கோட்டு, கையுறை, தொப்பி, பூட்ஸ் என்று வரிசையாக மாட்ட வேண்டும். சின்னவனுக்குக் கடைசி விரலை நுழைக்கும்போது பெரியவள் ஒன்றுக்கு வருகிறது என்பாள். எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். பாலர்பள்ளிக்கு ரப்பர் கால்சட்டை வேறு கொடுத்தனுப்ப வேண்டும். மழையோ பனியோ, பிள்ளைகளை வெளியே சேற்றில் விளையாட விடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை சூப்பர்மார்க்கெட் எல்லாம் சட்டப்படி அடைப்பு. சனிக்கிழமை இரவு பால் தீர்ந்தால் பெட்ரோல் நிலையத்தைத் தேடிப் போக வேண்டும். ஞாயிறன்று வீட்டில் ஆணி அடித்தால் பக்கத்து வீட்டுக்காரர் மணியடிப்பார். மாமா அங்கே குடியிருந்தால் தெரியும்.

அக்டோபரில் கடிகாரத்தைப் பின்னால் வைக்கும்போது "தம்பிக்கு ஒரு மணி நேரம் கூடத் தூக்கம்" என்று மாமா குழுவில் போட்டார். பிள்ளைகளுக்குக் கடிகாரம் தெரியுமா? ஆறு மணிக்கு எழுகிற பிள்ளைகள் அன்று ஐந்து மணிக்கு எழுந்து உட்கார்ந்துவிட்டன. தம்பி தூங்கினான். அவள் எழுந்தாள்.

ஜூன் மாதம் ஒரு முறை, ஹாம் நகரத்தில் இருக்கும் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்குப் போயிருந்தார்கள். இலங்கைத் தமிழர்கள் கட்டி 2002-ல் குடமுழுக்குச் செய்த கோயில். பொழுதெல்லாம் காரோட்டிப் போய், ஆயிரக்கணக்கான பேர் தமிழ் பேசுவதைக் கேட்டு அந்தப் பெண் பேசாமல் நின்றாளாம். மாமா அதை எங்களுக்குச் சொன்ன விதம்: "அங்க மத்தியானம் பன்னெண்டு மணிக்கு வெயில்ல நிக்கிறாங்க, நமக்கு சாயங்காலம் ஆறு."

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? அத்தை சொல்லித்தான். அத்தையும் அதே தொழிற்சாலையில் ஓப்பரேட்டராக இருந்தவர். எஸ்டேட் வாசலில் நிற்கும் பாஸ் கிலாங்கில் ஏறி, வாரம் ஒரு ஷிப்டு பார்த்தவர். பகலில் தூங்கி, ராத்திரி விழித்து, இடையில் இரண்டு பிள்ளைகளை வளர்த்தவர். மருமகளின் குரலைக் கேட்டாலே தூங்கினாளா இல்லையா என்று அவருக்குத் தெரியும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை போன் அத்தையின் கைக்கு வரும்போது பேட்டரி சிவப்பில் இருக்கும், அல்லது அந்தப் பக்கம் சின்னவன் அழுதுகொண்டிருப்பான். மாமா கோயில் நிர்வாகக் கூட்டத்துக்குப் போகும் நாட்களில்தான் மாமியாரும் மருமகளும் ஆற அமரப் பேசிக்கொள்கிறார்கள். கோயில் கூட்டம் நீண்டுகொண்டே போவதில் உலகத்திலேயே மகிழ்ச்சியடையும் இரண்டு பேர் அவர்கள்தான்.

மாமா, இதைப் படித்துவிட்டு யாரைச் சொல்கிறான் என்று ஒட்டுக்கடையில் விசாரிக்காதீர்கள். உங்களைத்தான். இரண்டு கடிகாரமும் சுவரிலேயே இருக்கட்டும், முக்காலியை வேண்டுமானால் நானே வந்து பிடித்துக்கொள்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தால் முதலில் அத்தையிடம் கொடுங்கள்.