கலசப்பாக்கத்துச் சீதோஷ்ணமும் தேங்காய் எண்ணெய்க் குப்பியும்

உஷ்ணத்தை அளப்பதற்கென்று மேல்நாட்டார் கண்டுபிடித்த வெப்பமானியின்பால் எனக்கு உரிய மரியாதை உண்டாயினும், ஜவ்வாது மலைக்குக் கிழக்கே செய்யாற்றங்கரையில் அமைந்த கலசப்பாக்கத்தில் ஒரு வருஷத்து வெப்பம் ஏறி இறங்கும் முறையை உள்ளவாறு அறிய விரும்புவோர் அக்கருவியை நம்பலாகாது என்பதும், வீட்டு மாடத்துத் தேங்காய் எண்ணெய்க் குப்பியையும் தறியில் ஓடும் பட்டிழையையும் கொண்டே அதை நிர்ணயித்தல் வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் சித்தாந்தம்.

முதற்கண் பூர்வபட்சத்தைப் பார்ப்போம். ஸ்வீடன் தேசத்து ஆண்டர்ஸ் செல்சியஸ் 1742ஆம் ஆண்டில் தம் அளவுகோலை வகுத்தபோது நீர் கொதிக்கும் நிலைக்கு 0 என்றும் உறையும் நிலைக்கு 100 என்றும் குறித்தார். பின்வந்தோர் அதைத் தலைகீழாக்கினர். அவர் வைத்தது வைத்தபடி இருந்திருக்குமானால், இவ்வூர்க் கத்திரி வெயில் 60 பாகையாகவும் மார்கழி விடியல் 80 பாகையாகவும் பதிவாகி, கோடையில் செய்தி வாசிப்பவர்கள் பதறுவதற்கு இடமே இல்லாமற் போயிருக்கும். அன்றியும், வானிலைத் துறையார் அக்கருவியை வெயிலிலா வைக்கிறார்கள்? வெள்ளை வர்ணம் பூசிய, நாற்புறமும் காற்றோடுகிற மரப்பெட்டிக்குள், தரைக்கு நாலடி உயரத்தில், நிழலில் வைக்கிறார்கள். அத்தகைய சௌகரியம் வாய்த்த பிரஜை இவ்வூரில் ஒருவரும் இல்லை. சமவெளியில் 40 பாகையைத் தொட்டாலன்றி வெப்ப அலை என்ற வார்த்தையையே அவர்கள் வாய்திறந்து சொல்வதில்லையாதலால், 39 பாகையில் வியர்த்து விறுவிறுத்தவன் சாஸ்திர சம்மதமின்றி வியர்த்தவனாகிறான்.

தேங்காய் எண்ணெய்க்கு இத்தகைய பாரபட்சம் கிடையாது. ஏறக்குறைய 24 பாகைக்கு மேலே உருகியிருப்பதும், அதற்குக் கீழே நெடுநேரம் கிடந்தால் உறைவதும் அதன் சுபாவம். கார்த்திகை தீபம் கழிந்த பிறகு ஒரு நாள் விடியலில் குப்பியின் அடியில் மங்கலாக ஒரு படிவு தென்படும். மார்கழி பிறந்தபின் கழுத்து வரைக்கும் வெளுத்துவிடும். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்ட பெண்ணின் கூந்தலை ஒரு கையில் பிடித்தவாறே, மறு கையால் குப்பியைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டித் தட்டிப் பார்த்து, சொட்டும் வராமற் போகவே விளக்குமாற்று ஈர்க்கை ஒடித்து உள்ளே விட்டுத் துழாவும் தாயாரைக் கண்டவர்களுக்கு வேறு பிரமாணம் வேண்டியதில்லை. மார்கழியில் குப்பி அடுப்போரம் உட்காரும். தையில் திண்ணை வெயிலுக்கு வரும். ரத சப்தமியன்று, சூரியன் தன் தேரை வடக்கே திருப்புவதாகச் சொல்லப்படும் அந்நன்னாளில், அண்ணாமலையார் திருவண்ணாமலையிலிருந்து எழுந்தருளி இவ்வூர்ச் செய்யாற்றில் தீர்த்தவாரி கண்டு திரும்புகிறார். அதன் பின்னரும் மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்ற பழமொழிக்கு மதிப்பளித்துச் சில நாள் உறைந்து பார்க்கும் எண்ணெய், பங்குனியில் தெளிந்துவிட்டால் மறு கார்த்திகை வரையில் மௌனம் சாதிக்கும். 24க்கு மேல் அதற்கு எல்லாம் ஒன்றுதான். இது இக்கருவியின் குறை.

அக்குறையைப் பட்டிழை நிவர்த்தி செய்கிறது. மிதமான காற்றில் தன் எடையில் நூற்றுக்குப் பதினொரு பங்கு ஈரத்தை வாங்கி வைத்துக்கொண்டே பட்டு பட்டாக இருக்கிறது. சித்திரைப் பிற்பகலில் அந்த ஈரம் வற்றியதும் அதற்குப் பொறுமை போய்விடுகிறது. ஆரணிப் பட்டு நெய்பவர்கள் குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு உட்காருவதை வெறும் சம்பிரதாயம் என்று எண்ணுவோர், குழியின் ஈரத்துக்குப் பக்கத்தில் பாவு கிடப்பதால் வரும் அனுகூலத்தை அறியார். அப்படியும் இழை அறுகிறது. முடிச்சுப் போட்டு நிமிர்வதற்குள் பக்கத்து இழை அறுகிறது. வெப்பமானியை ஏறெடுத்தும் பாராத நெசவாளர், இன்றைக்கு வெயில் எப்படி என்பதை முடிச்சுகளைக் கொண்டே சொல்லிவிடுவார்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழுகிறது. ஜெய்சல்மேரில் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், இவ்வூர் வெயிலை வெயிலென்றே ஒப்புவதில்லை. ராஜஸ்தானத்துப் பலோடியில் 2016 மே 19ஆம் நாள் 51 பாகை பதிவானதை, தாமே அதைக் கொளுத்திவிட்டு வந்தவர் தோரணையில், டீக்கடையில் எடுத்துரைப்பார். ஒரு நாள் நெசவாளர் கேட்டார்: "ராத்திரி அங்க எப்படிங்க அண்ணே?"

"ராத்திரியா? மணல் ஆறிப்போயிடும்பா. வெடியக்காலம் காத்து சிலுசிலுன்னு வரும்."

"எங்க மெத்தை வீடு எப்பண்ணே ஆறும்?"

பெரியவர் டீயை ஆற்றுவதில் கவனம் செலுத்தினார். பாலைவனத்தின் வறண்ட வானம், பகலில் வாங்கிய உஷ்ணத்தை இரவில் தடையின்றி வெளியே விட்டுவிடுகிறது. வியர்வையும் அரும்பிய கணத்தில் உலர்ந்துவிடுகிறது. ஜனவரி இரவுகளிலோ 10 பாகைக்குக் கீழே இறங்கி வருஷக் கணக்கையும் நேர்செய்துவிடுகிறது. இங்கே காற்றின் ஈரம் வியர்வையை உலரவிடாது. கான்கிரீட் கூரையோ பகலெல்லாம் சேமித்ததை நள்ளிரவுக்கு மேல் தவணை முறையில் வழங்குகிறது. பன்னிரண்டு குடம் தண்ணீர் கொட்டினாலும் ஆவிதான் எழும்பும்.

தவிர, கடகரேகைக்கு வடக்கேயுள்ள ஜெய்சல்மேரில் சூரியன் நேர் உச்சிக்கு வருவதே இல்லை. நம் ஊருக்கோ வருஷத்தில் இருமுறை அந்தப் பாக்கியம்: ஏப்ரல் 23ஐ ஒட்டி ஒரு தரம், ஆகஸ்டு 20ஐ ஒட்டி மறு தரம். முதல் வருகைக்குப் பத்து நாள் கழித்துக் கத்திரி தொடங்குவதற்குக் காரணம், பூமி வாங்கிய உஷ்ணம் செலவை மிஞ்சி மேலும் மேலும் சேர்வதே. இரண்டாம் வருகை நிகழ்வது ஆவணி முதல் வாரம். மலைப்பக்கம் மேகம் கூடி மாலையில் இடிமழை பெய்யும் காலமாதலால் உஷ்ணம் குறைவென்பது பௌதிகம் கூறும் சமாதானம். என் ஆராய்ச்சி வேறு சொல்கிறது. கலியாணம் இல்லாத ஆடி கழிந்து முகூர்த்தங்கள் வந்துவிட்டபடியால், சேலையை முடித்துக் கொடுக்கும் அவசரத்தில் விளக்கு வைத்தபிறகும் தறிகள் ஓடுகின்றன. சூரியன் உச்சியில் நிற்பதை அண்ணாந்து பார்க்க ஒருவருக்கும் ஒழியவில்லை. டீக்கடையில் பட்டாளத்துப் பெரியவர் மட்டும் பலோடியை வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருக்கிறார்.