வீடு பார்க்கும் அண்ணன்

சிங்கப்பூரில் சனிக்கிழமை ஆனால் சிலர் கடற்கரைக்குப் போவார்கள், சிலர் காய் வாங்கத் தேக்காவுக்குப் போவார்கள். நம் அண்ணன் வீடு பார்க்கப் போவார். நிரந்தரவாசம் கிடைத்தாலும், மறுவிற்பனையில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு வாங்க மூன்று வருஷம் பொறுக்க வேண்டும் என்பது 2013 முதல் உள்ள விதி. அந்த மூன்று வருஷத்தை இவர் வீணாக்கவில்லை. அப்போதே பார்க்க ஆரம்பித்துவிட்டார். பொங்கோல், செங்காங், ஈசூன் என்று கால் படாத புளோக் இல்லை.

முதல் தகராறு கணக்கில் வரும். நாலறை வீடு என்பார்கள், படுக்கையறை மூன்றுதான் இருக்கும், நாலாவது, கூடம். "அடுப்படியையும் சேர்த்து அஞ்சுன்னு சொல்லிட வேண்டியதுதானே தம்பி?" என்பார் வீட்டு முகவரிடம். தம்பி சிரித்துவைப்பார். கமிஷன் இன்னும் வரவில்லையே.

அப்புறம் வாஸ்து. வாசலிலேயே நின்று கைபேசியில் திசைகாட்டியைத் திறந்து, உடம்பையும் சேர்த்து ஒரு சுற்றுச் சுற்றுவார். ஈசூனில் ஒரு சீனப் பாட்டி இதைப் பார்த்துப் பரவசமாகி, "ஃபெங் சுயி?" என்று கேட்டார். "சேம் சேம்" என்றார் இவர். பாட்டி தேநீரே கொடுத்துவிட்டார். ஆனால் அடுப்படியில் அக்னி மூலையில் குப்பைத்தொட்டிக் குழாய் வாயைப் பிளந்துகொண்டிருந்தது, ஈசானியத்தில் கழிவறை. நகர்த்த முடியுமா என்று கேட்டுப் பார்த்தார். மேல்வீட்டிலும் கீழ்வீட்டிலும் கழிவறை அதே இடத்தில்தான் என்று முகவர் விளக்கியபோது, அத்தனை குடும்பங்களுக்காகவும் மனம் வருந்தினார்.

கொண்டோ வாங்கலாமே என்றால், "நீச்சல் குளத்துக்கு மாசாமாசம் எவன் அழறது?" என்பார். இவருக்கு நீந்தத் தெரியாது.

இன்னொரு சிக்கல் தஞ்சாவூரில் இருக்கிறது. வீவக வீடு வாங்கும் நிரந்தரவாசிக்கு வெளிநாட்டில் சொந்த வீடு இருந்தால், அதைக் கைமாற்றிவிட வேண்டும். அம்மாவிடம் காணொளியில் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். "கொல்லையும் கிணறும் உள்ள வீட்டை வித்துட்டு அந்த மாடிப் பொந்துக்கா போறே?" என்று ஒரே அடி.

நிஜமாகவே பிடித்த வீடு ஒன்று செங்காங்கில் அமைந்தது. கிழக்கு வாசல், மேற்கு வெயில் கிடையாது, ரயில் நிலையம் கூப்பிடு தூரம். மனைவி திரைச்சீலைக்கு நிறம்கூடத் தேர்ந்தெடுத்துவிட்டார். அன்று பார்த்து முகவர் கழகத்தின் இணையப்பக்கத்தைத் தட்டினார். அந்த புளோக்கில் இந்தியர் ஒதுக்கீடு நிரம்பிவிட்டது; சீன உரிமையாளர் இவருக்கு விற்க முடியாது. எந்த இனமும் ஒரே இடத்தில் குவிந்துவிடக் கூடாது என்று 1989இல் கொண்டுவந்த ஏற்பாடு அது. மனைவி முகம் விழுந்தது. இவர் முகத்தில் மட்டும், பரீட்சை தள்ளிப்போன பையனின் களை.

"பாத்தியா, நாம வாங்கத் தயார்தான், கவர்மெண்டு விடலை" என்று வருகிற போகிற எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அடுத்த சனிக்கிழமை உட்லண்ட்ஸ்.

உங்கள் வீடு விற்பனைக்கு இருந்தால் இவருக்குத் தாராளமாகச் சொல்லி அனுப்புங்கள். வாங்க மாட்டார். ஆனால் எந்தக் குழாய் ஒழுகுகிறது, எந்தச் சுவரில் ஓதம் ஏறுகிறது என்பதெல்லாம் காசு செலவில்லாமல் உங்களுக்குத் தெரிந்துவிடும்.