கையில் கணினி, மூட்டையில் மீதி

பழைய பாம்டாப் கணினி ஒன்றை விற்க உட்காருகிறீர்கள். வாங்க வருகிறவர் முதலில் "ஓடுதா?" என்றுதான் கேட்பார் என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். "டப்பா இருக்கா? கேபிள் இருக்கா? மேனுவல், மெமரி கார்டு, தோல் உறை எல்லாம் இருக்கா?" என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் போனால் போகிறதென்று, "ஆன் ஆகுமில்ல?" என்பார். அவர் மேல் தப்பில்லை. சட்டைப்பையில் அடங்கும் என்று சத்தியம் பண்ணி விற்ற கருவிகளின் சரித்திரம் முழுக்கவே, சட்டைப்பையில் அடங்காத சாமான்களின் சரித்திரம்தான்.

1984இல் இங்கிலாந்திலிருந்து ஆரம்பிப்போம். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் இயற்பியல் கற்பித்த டேவிட் பாட்டர், அந்த வேலையை விட்டுவிட்டு ஆரம்பித்த கம்பெனி சயான். வீட்டுக் கணினிகளில் விமானம் ஓட்டும் விளையாட்டு விற்றுச் சம்பாதித்த பணத்தில், ஆர்கனைசர் என்ற பாக்கெட் கணினியைக் கொண்டுவந்தது. திரையில் ஒரே ஒரு வரி. அந்த வரியில் 16 எழுத்து. அப்பா பெயரை முன்னால் முழுதாகப் போடுகிற ஊரில் பிறந்தவர்களை மனதில் வைத்து யாரும் அதை வடிவமைக்கவில்லை.

எழுதியதைச் சேமிக்க டேட்டாபேக் என்ற குட்டிப் பெட்டி. அதற்குள் இருந்தது இப்ராம் சில்லு. ஒருமுறை எழுதினால் கல்வெட்டு. மாமாவின் போன் நம்பர் மாறிவிட்டதென்று பழையதை அழித்தால், அது கண்ணுக்குத்தான் மறையும்; பிடித்த இடத்தை விடாது. பேக் நிரம்பிவிட்டால் அதைக் கழற்றி, புற ஊதா விளக்குள்ள ஒரு தனிப் பெட்டிக்குள் வெயில் காயவைக்க வேண்டும். காய்ந்ததும் மாமா, மாமி, பால்காரர் எல்லாரும் சேர்ந்து போய்விடுவார்கள். திரும்ப முதலிலிருந்து எழுதலாம். ஒரு நம்பரை மாற்றுவதற்கு உலகத்தையே ஒருமுறை பிரளயத்தில் முக்கி எடுத்த இயந்திரம் அது. ஆனாலும் 1986இல் வந்த அதன் தம்பியை மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் கடைகள் வேலைக்கு வைத்துக்கொண்டன. விற்பனையாளர்களுக்குப் பொறுமை அதிகம்.

அடுத்து நம் கதாநாயகன்: 1989இன் அடாரி போர்ட்ஃபோலியோ. பெயர்ப்பலகைதான் அடாரி. செய்தது கில்ட்ஃபர்டில் இருந்த டிஐபி என்ற சின்ன கம்பெனி. அதன் ஸ்தாபகர்களும் சயானிலிருந்து புறப்பட்டு வந்தவர்கள்தான். மூடினால் வீடியோ கேசட் அளவு. விலை 400 டாலர். ஐபிஎம் பிசியோடு இணக்கமானது என்றார்கள். இணக்கம் உண்டு, இடம்தான் இல்லை. அன்றைய பிசி திரை 80க்கு 25, மொத்தம் 2,000 எழுத்து. போர்ட்ஃபோலியோவில் 40க்கு 8, அதாவது 320. மற்றதைப் பார்க்க வேண்டுமானால் சன்னல் வழியே ஊர்வலம் பார்ப்பதுபோல நகர்த்தி நகர்த்திப் பார்க்க வேண்டியதுதான். திரைக்குப் பின்னால் விளக்கு கிடையாது. ராத்திரி வேலை செய்ய டார்ச் உங்கள் செலவு.

ஆனால் அடாரியின் மேதைமையைப் பார்க்க அதன் உதிரிச் சாமான் பட்டியலுக்குத்தான் போக வேண்டும். கருவியில் பிரிண்டர் மாட்ட வழியில்லை. அதற்கு வலது பக்கம் ஒரு செங்கல் வாங்கிச் செருக வேண்டும். மோடம் மாட்ட வேண்டுமா? வேறு செங்கல். பிளாப்பி கிடையாது, கிரெடிட் கார்டு அளவில் மெமரி கார்டு உண்டு. கார்டுக்குள் தனியாக ஒரு குட்டி பேட்டரி. அது செத்தால் கார்டில் எழுதியதும் உடன்கட்டை ஏறும். அந்தக் கார்டை மேசைக் கணினியில் படிக்க வேறொரு டிரைவ். அந்த டிரைவுக்காக மேசைக் கணினியின் வயிற்றைத் திறந்து ஒரு பலகை. ஆக, பையில் போகிற கணினிக்காக மேசையில் இருந்த கணினிக்கு ஆபரேஷன்.

இலவசமாகக் கொடுத்த வித்தை ஒன்று உண்டு. முகவரிப் பட்டியலில் பெயரைத் தேர்ந்து, போன் ரிசீவரை எடுத்து கருவியின் ஸ்பீக்கரில் வைத்தால், அது பீப் பீப்பென்று பாடி நம்பரை அழைக்கும். பொத்தானைத் தானே அழுத்தியிருக்கலாமே என்று அந்தக் காலத்தில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இப்பேர்ப்பட்ட கருவியைச் சிரஞ்சீவி ஆக்கியது 1991இல் வந்த டெர்மினேட்டர் 2 படம். சிறுவன் ஜான் கானர் ஒரு போர்ட்ஃபோலியோவை ரிப்பன் கேபிளால் ஏடிஎம் கார்டோடு இணைத்து, ரகசிய எண்ணைக் கறந்து, பணத்தை உருவிக்கொண்டு ஓடுவான். எத்தனையோ சாமான்களை விற்ற அடாரி, கஸ்டமருக்கு உண்மையிலேயே வேண்டியிருந்த அந்த ஒரு கேபிளை மட்டும் கடைசிவரை தயாரிக்கவில்லை.

அதே 1991இல் ஹெச்பி தன் 95எல்எக்ஸ் பாம்டாப்பை 699 டாலருக்கு இறக்கியது. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் கால்குலேட்டர் செய்துகொண்டிருந்த கோஷ்டியின் கைவேலை. உள்ளே லோட்டஸ் 1-2-3 என்ற விரிதாள் மென்பொருள் நிரந்தரக் குடித்தனம். இரண்டு பென்டார்ச் பேட்டரி போதும். 1994இல் வந்த 200எல்எக்ஸுக்கு பக்தர் கூட்டமே சேர்ந்தது. 1999இல் ஹெச்பி அதை நிறுத்தியும் பக்தர்கள் அடங்கவில்லை. சால்டரிங் அயர்னைக் கையில் எடுத்து, உள்ளே மெமரியைக் கூட்டி, வேகத்தையும் ஏற்றினார்கள். கீல் விரிசல் விட்டால் ஒட்டுப்போட்டுக்கொண்டார்கள்.

நடுவே 1993இல் ஆப்பிளின் நியூட்டன். எந்தச் சட்டைப்பைக்கும் அடங்காத உடம்பு. கையெழுத்தைப் படிக்கும் என்றார்கள். அது படித்த லட்சணத்தை சிம்ப்சன்ஸ் கார்ட்டூன் வரை கிண்டலடித்தது. 1998இல் ஸ்டீவ் ஜாப்ஸ் கதையை முடித்துவைத்தார்.

இந்தக் கூட்டத்தில் விஷயம் புரிந்தவர் பாம் கம்பெனியின் ஜெஃப் ஹாக்கின்ஸ். அவர் கணினி செய்யவில்லை. முதலில் சட்டைப்பை அளவுக்கு ஒரு மரக்கட்டையை அறுத்தார். மீட்டிங்கில் அதை எடுத்து, குச்சியால் தட்டி, நேரம் குறித்துக்கொள்வதாகப் பாவனை செய்தார். பாம்டாப் வரலாற்றிலேயே பேட்டரியும் கேபிளும் கேட்காத ஒரே மாடல் அது. இப்போது கலிஃபோர்னியாவின் கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1996இல் அது 299 டாலர் பைலட் ஆக வந்தபோது, டப்பாவிலேயே ஒரு தொட்டிலும் இருந்தது. கருவியை அதில் வைத்து ஒரு பொத்தானை அமுக்கினால் மேசைக் கணினியோடு கணக்கு நேராகிவிடும். அடாரி செங்கல் செங்கலாக விற்றதை ஹாக்கின்ஸ் சும்மா கொடுத்தார். ஜெயித்தார்.

ஜெயித்ததன் உச்சம் 2000 மார்ச் 2. தாய்க் கம்பெனியான த்ரீகாம், பாமின் சிறு துண்டைப் பங்குச்சந்தைக்குக் கொண்டுவந்தது. 38 டாலருக்கு வெளியான பங்கு அன்று சாயங்காலம் 95 டாலர். பாமின் மதிப்பு 5,000 கோடி டாலருக்கு மேல். அதில் 94 சதவீதத்துக்கு மேல் கையில் வைத்திருந்த த்ரீகாமின் மதிப்போ ஏறக்குறைய அதில் பாதி. அதாவது பாமைத் தவிர த்ரீகாமிடம் இருந்த தொழிற்சாலை, ரொக்கம், நாற்காலி எல்லாவற்றுக்கும் சந்தை போட்ட விலை பூஜ்யத்துக்கும் கீழே. இதை விளங்கிக்கொள்ளப் பொருளாதாரப் பேராசிரியர்கள் ஆய்வுக் கட்டுரையே எழுதினார்கள். பத்து வருஷம் கழித்து, 2010இல், பாமை ஹெச்பி வாங்கிய விலை 120 கோடி டாலர். தொட்டில் சேர்த்தா சேர்க்காமலா, சொல்லவில்லை.

நம் நாடும் சும்மா இருக்கவில்லை. இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்கள் கனவு கண்ட சிம்ப்யூட்டர் என்ற கைக்கணினி 2004இல் அமிடா என்ற பெயரில் வந்தது. ஊருக்கு ஒரு கருவி, ஆளுக்கு ஒரு ஸ்மார்ட் கார்டு என்பது திட்டம். உதிரிச் சாமானை மட்டும் சொந்தமாக வைத்துக்கொண்டு கணினியைப் பொதுவில் விடுவது என்ற யோசனை நம்மவர்களுக்குத்தான் தோன்றும். அதற்குள் செல்போன் மலிந்துவிட்டது.

ஆகவே, பரணில் பாம்டாப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விளம்பரத்தில் "அபூர்வம்" என்று எழுதாதீர்கள். அபூர்வமாகிவிட்டது வாங்குகிற ஆள்தான். கேபிளை ஒருவருக்கும் கார்டை ஒருவருக்கும் பிரித்து விற்காதீர்கள். மொத்த மூட்டையாகக் கொடுங்கள், அதற்குத்தான் விலை. எல்லாவற்றுக்கும் முன்னால், உள்ளே கிடக்கும் பழைய பேட்டரியை இன்றைக்கே கழற்றி எறியுங்கள். ஒழுகிவிட்டால் அப்புறம் உங்களிடம் மிஞ்சுவது டப்பாவும் மேனுவலும்தான். அதையும் வாங்க ஆள் வருவார் என்பது வேறு விஷயம்.