எழுபத்தோராவது ஊசி

கொல்லிமலையில் ஒருவருக்கு உடம்பெல்லாம் தடித்துச் சிவந்தால் அதற்குப் பெயர் தயாராக இருக்கிறது. காணாக்கடி. கடித்தது எது என்று யாரும் பார்க்கவில்லை. ஆனால் கடித்துவிட்டது. வெற்றிலையில் மிளகை மடித்து மென்று விழுங்கச் சொல்வார்கள். வேப்பிலை அடிப்பார்கள். ஒரு வாரத்துக்குக் கத்தரிக்காய், கருவாடு, கடலை ஆகாது என்பார்கள். இந்தக் கிழவி வைத்தியத்தைப் பார்த்துச் சிரிக்கிற படித்தவர்கள் மலையை விட்டு இறங்குகிறார்கள். கண்ணாடிக் கதவு போட்ட ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஆயிரக்கணக்கில் கட்டுகிறார்கள். இருநூறு உணவுப்பொருள் அச்சடித்த பட்டியலோடு திரும்புகிறார்கள். அதிலும் கத்தரிக்காய் இருக்கிறது. கருவாடு இருக்கிறது. கடலை இருக்கிறது. கிழவி காசு வாங்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

கடிப்பவன் யார்? வெளியே தேடாதீர்கள். உள்ளேதான் இருக்கிறான். தோல், குடல், மூச்சுக்குழாய் என்று வெளியாள் நுழையக்கூடிய வாசலில் எல்லாம் மாஸ்ட் செல் என்ற உயிரணு பாரா நிற்கிறது. பால் எர்லிக் என்ற ஜெர்மன் மாணவர் 1878இல் தன் பட்ட ஆய்வில் இதற்குப் பெயர் வைத்தார். சாயம் ஏற்றிப் பார்த்தால் உள்ளே மணிமணியாக ஏதோ திணித்து வைத்திருந்தது. தின்று கொழுத்த ஆசாமி என்று நினைத்து, கொழுக்க வைக்கும் தீனியைக் குறிக்கும் சொல்லையே பெயராகச் சூட்டிவிட்டார். உள்ளே இருந்தது தீனி அல்ல. ஹிஸ்டமின், டிரிப்டேஸ் என்று அத்தனையும் வெடிமருந்து. கொழுத்தவன் வயிற்றில் சோறுதான் இருக்கும் என்று நம்பி ஏமாறுவது எர்லிக்கோடு நிற்கவில்லை. நாமும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஏமாறுகிறோம்.

கிருமி வந்தால், புழு வந்தால் இந்தக் காவல்காரனுக்கு வேலை. வேலையில்லாத நாளில் பால் டம்ளர் அவனுக்குக் கலவரமாகத் தெரிகிறது. நாலு நிலக்கடலை சேர்ந்து வந்தால் சட்டவிரோதக் கூட்டம். உடனே தடியடி. தடியடி நடந்த இடத்தில் தடிப்பு வராமல் மல்லிகையா பூக்கும்? தோலில் நடந்தால் அரிப்பு. குடலில் நடந்தால் வாந்தி, பேதி. தொண்டையில் நடந்தால் மூச்சு அடைக்கும். ரத்தக்குழாய்களில் நடந்தால் பிரஷர் விழும், கூடவே ஆளும் விழுவார். இதற்கு அனாஃபிலாக்ஸிஸ் என்று பெயர் வைத்த சார்ல் ரிஷே 1913இல் நோபல் பரிசு வாங்கிவிட்டார். சிலருக்கு ‘கிட்’ என்ற மரபணுவில் ஏற்படும் பிழையால் காவல்காரர்களின் ஆட்சேர்ப்பு நிற்பதே இல்லை. அது மாஸ்டோசைட்டோசிஸ். இன்னும் சிலருக்கு ஆள் எண்ணிக்கை சரிதான், கைதான் நிற்காது. ஆங்கிலத்தில் அதற்கு எம்கேஸ் என்று ஒரு சுருக்கப் பெயர். தமிழில் அதற்குப் பெயர் ‘உனக்கு எப்பப் பாத்தாலும் ஏதாவது ஒண்ணு’.

ஒரு கணக்கு பார்க்கலாம். ஐரோப்பிய ஆய்வுத் திட்டம் ஒன்றின் கிளையாகக் கர்நாடகத்தில் 11,000க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் விசாரிப்பில் தொடங்கி, பலருக்கு ரத்தமும் பார்த்து, 2016இல் முடிவை வெளியிட்டார்கள். ஏதோ ஓர் உணவுக்கு எதிராக ரத்தத்தில் ஐஜிஇ என்ற ஒவ்வாமை எதிர்ப்பொருள் வைத்திருந்தவர்கள் நூற்றுக்கு 26.5 பேர். அந்த உணவைத் தின்றால் உண்மையிலேயே தொல்லைப்படக்கூடியவர்கள் நூற்றுக்கு 1.2 பேர். மிச்சம் 25 பேர் தின்று ஏப்பம் விட்டுக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார்கள். ரத்தத்துக்குத்தான் சந்தேகம், வயிற்றுக்கு இல்லை.

வியாபாரிக்கு எந்த எண் பிடிக்கும் என்று நான் சொல்ல வேண்டுமா? அந்த 25 பேர்தான் சந்தை. அதுவும் போதாமல் ஐஜிஜி என்று இன்னொரு பரிசோதனை விற்கிறார்கள். நீங்கள் எதைத் தின்று பழகியிருக்கிறீர்கள் என்பதைத்தான் பெரும்பாலும் அது காட்டும். நேற்று நீ இட்லி தின்றாய் என்று சொல்ல ஐந்தாயிரம் ரூபாய். என் வீட்டில் சட்னி பாத்திரம் கழுவுகிறவர்கள் இலவசமாகவே சொல்லிவிடுவார்கள். நோய் கண்டுபிடிக்க இது உதவாது என்று ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவச் சங்கம் 2008இலேயே எழுதி வைத்துவிட்டது. நம் ஊருக்கு அந்தத் தபால் இன்னும் வரவில்லை. பட்டியலைப் படித்த தாய், பாலை நிறுத்துகிறாள். முட்டையை நிறுத்துகிறாள். பருப்பை நிறுத்துகிறாள். நாடெல்லாம் முட்டை அனுப்பும் நாமக்கல் மாவட்டத்தில், முட்டை ஒத்துக்கொள்கிற பிள்ளையே முட்டை இல்லாமல் மெலிகிறது. மெலிந்த பிள்ளைக்குச் சத்து மாவு விற்க அடுத்த கடைக்காரர் காத்திருக்கிறார்.

இல்லாத நோய்க்கு இவ்வளவு மரியாதை என்றால், இருக்கிற நோய்க்கு?

என் சித்தப்பா மகன் கதை அது. மலையிலிருந்து பலாப்பழமும் அன்னாசியும் ஏற்றி இறக்கும் வேன் ஓட்டுகிறவன். சின்ன வயதிலிருந்தே உடம்பில் பழுப்புப் புள்ளிகள். வெயிலில் நின்றால் சிவப்பான். வெந்நீரில் குளித்தால் தடிப்பான். சில நாள் சும்மா இருந்தவன் திடீரென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். ஏழு வருடம் வைத்தியம் பார்த்தான். முதலில் பித்தம் என்றார்கள். பிறகு குடல்புழு. பிறகு அலர்ஜி. பெண் பார்த்த வருடம், கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்றார்கள். ஆனது. சரியாகவில்லை. கடைசியில் மனசுதான் காரணம் என்று முடித்தார்கள். டென்ஷன் ஆகாதீர்கள் என்று அறிவுரை. அந்த அறிவுரைக்கு நாலு மணி நேரம் வரிசையில் உட்கார வைத்தார்கள்.

வல்வில் ஓரி ஆண்ட மலை அது. யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் ஒரே அம்பில் துளைத்தான் என்று புறநானூறு பெருமைப்படுகிறது. ஆடி மாதம் அரசாங்கமே அவனுக்கு விழா எடுக்கிறது. வாரிசு இல்லாமல் போனான் என்று வருத்தப்பட வேண்டாம். வாரிசுகள் ஊர் ஊராகக் கிளினிக் வைத்திருக்கிறார்கள். காய்ச்சல், இருமல், இடுப்புவலி, தடிப்பு, மயக்கம் ஐந்துக்கும் ஒரே சிரிஞ்சு. அவில், டெக்கடிரான், கூடவே ஒரு வலி ஊசி. அவில் அரிப்பை அடக்கும். அடைக்கிற தொண்டையைத் திறக்காது. டெக்கடிரான் வேலை செய்யவே மணிக்கணக்காகும். வலி ஊசி சிலருடைய மாஸ்ட் செல்களை இன்னும் கிளப்பிவிடும். ஓரியின் அம்பாவது குறி பார்த்துப் போனது.

ஒருநாள் மலையில் லோடு ஏற்றும்போது தம்பியைத் தேனீ கொட்டியது. இரண்டே கொட்டு. பக்கத்தில் நின்றவனைப் பத்து கொட்டியது, அவன் ‘சீ’ என்று தட்டிவிட்டுப் பீடி பற்றவைத்தான். தம்பி ஐந்து நிமிடத்தில் வெளுத்துச் சாய்ந்தான். மாஸ்டோசைட்டோசிஸ் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் பழைய முறை இது. தேனீக் கொட்டில் நாடி விழுந்தவனுக்கு அந்த நோய் இருக்கிறதா என்று பார் என்பது பாடப்புத்தகத்திலேயே உண்டு. அங்கே கூடியவர்கள் கொல்லிப்பாவை அடித்துவிட்டாள் என்றார்கள். அவள் சிரித்துக் கொல்பவள் என்பது பழங்கதை. நம் காலத்தில் கொல்வதற்குச் சிரிக்கவும் வேண்டியதில்லை, சீட்டு எழுதிக் கொடுத்தால் போதும்.

காரவள்ளியிலிருந்து மலைக்குப் போகும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்டுப் பலகை. சுற்றுலாக்காரர்கள் அதில் சாய்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். தம்பியை வேனில் கிடத்தி அந்த 70 வளைவையும் இறக்கினார்கள். எத்தனை வேகமாக ஓட்டினாலும் முக்கால் மணிக்குக் குறையாது. பம்ஃப்ரி என்ற பிரிட்டிஷ் மருத்துவர், ஒவ்வாமையில் செத்தவர்களின் பதிவுகளைக் கிளறி 2000இல் ஒரு கணக்கு எழுதினார். இதயமோ மூச்சோ நிற்கப் பெரும்பாலும் எடுத்துக்கொண்ட நேரம் உணவு என்றால் 30 நிமிடம், கொட்டு என்றால் 15, ஆஸ்பத்திரியில் போட்ட ஊசி மருந்து என்றால் 5. மலைவாசிகளுக்கு அதில் கூடுதல் அவகாசம் ஒன்றும் கொடுத்திருக்கவில்லை. அன்று தம்பி கடந்தது 70 ஊசி. எல்லாம் கொண்டை ஊசி. வேண்டியிருந்த எழுபத்தோராவது ஊசியைக் கீழே ஒரு கிளினிக்கில் கேட்டார்கள். “அட்ரினலினா? அது நெஞ்சு நின்னவங்களுக்குப் போடறதுங்க. இவருக்குத்தான் இன்னும் துடிக்குதே?”

நெஞ்சு நிற்கும்வரை பொறுத்திருந்து மரியாதையாகப் போடுவார்களாம்.

அடுத்த இடத்தில் ஒரு நர்ஸ் அம்மா யாரையும் கேட்காமல் தொடையின் வெளிப்பக்கச் சதையில் அரை மில்லி இறக்கினார். பத்து நிமிடத்தில் தம்பி கண் திறந்து, லோடு என்ன ஆச்சு என்றான். இந்த மருந்து உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசியப் பட்டியலில் இருக்கிறது. இந்திய அரசின் பட்டியலிலும் இருக்கிறது. ஒரு குப்பியின் விலை, மலையில் விற்கிற முடவாட்டுக்கிழங்கு சூப்பின் விலைக்குள் அடங்கிவிடும். மலிவாக இருப்பதுதான் அதன் குற்றம். இதில் யாருக்கு என்ன கமிஷன் கிடைக்கும்?

மலிவை விலையாக்கத் தெரிந்தவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள். இதே மருந்தைத் தானே குத்திக்கொள்ளும் பேனாவில் அடைத்து, 2007இல் இரண்டு பேனா ஏறத்தாழ 100 டாலருக்கு விற்றார்கள். 2016இல் அதே பெட்டி 600 டாலர். அமெரிக்க நாடாளுமன்றம் கூப்பிட்டு விசாரிக்கும் அளவுக்கு நாறியது. அந்த அநியாயம்கூட நமக்கு வாய்க்கவில்லை. நம் ஊர் மருந்துக்கடையில் போய் அந்தப் பேனாவைக் கேளுங்கள். ரெனால்ட்ஸா, செல்லோவா என்பார்கள்.

நோயைக் கண்டுபிடித்த கதை இன்னும் கேவலம். தாக்குதல் வந்த நாலு மணி நேரத்துக்குள் ரத்தம் எடுத்து டிரிப்டேஸ் பார்க்க வேண்டும். அப்புறம் அமைதியான ஒரு நாளில் இன்னொரு தடவை. அமைதி நாளின் அளவோடு அதில் 20 சதவீதமும், மேலே ஒரு 2ம் சேர்த்தால் வருகிற எண்ணைத் தாக்குதல் நாளின் அளவு தொட்டால் குற்றவாளி மாஸ்ட் செல். அமைதியில் 5 என்றால் தாக்குதலில் 8. அஞ்சாங்கிளாஸ் கணக்கு. லேபில் போய் டிரிப்டேஸ் என்றோம். “டிரிப்ஸா? பக்கத்து ரூம்ல ஏத்துவாங்க.” ஏற்றினார்கள். பில்லும் போட்டார்கள்.

கடைசியில் வெகு தூரத்து ஊரில் ஓர் இளம் பெண் மருத்துவர் தம்பியின் சட்டையைக் கழற்றச் சொன்னார். பேனா மூடியால் ஒரு பழுப்புப் புள்ளியைத் தேய்த்தார். இரண்டு நிமிடத்தில் அது கொழுக்கட்டை போல எழும்பி நின்றது. தேய்த்தால் தடிக்கும் இந்தப் புள்ளிகளை லண்டனில் 1869இலேயே எழுதி வைத்துவிட்டார்கள். ஏழு வருடம், எத்தனையோ ஸ்கேன், மூட்டை ரிப்போர்ட். ஒருவரும் அவனைத் தொட்டுப் பார்க்கவில்லை. பேனா மூடிக்குக் கட்டணம் வசூலிக்க வழியில்லை என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை பிறகு நடந்தது. புள்ளி முன்பே சொல்லிவிட்டதைத்தான் அதுவும் சொன்னது.

இப்போது தினமும் மாத்திரை. சில வலி மாத்திரைகள் ஆகாது. வெந்நீர் ஆகாது. தேன்கூடு கண்டால் வேனைத் திருப்ப வேண்டும். வெளியே சாப்பிட்டால் லேபிள் படிக்க வேண்டும், கோதுமையும் அவனுக்கு ஆகாது. லேபிளுக்குச் சட்டம் இருக்கிறது. 2020இல் போட்டார்கள். பாக்கெட்டில் ஒவ்வாமைப் பொருள்களை எழுத வேண்டும். பத்து கிளையோ அதற்கு மேலோ வைத்திருக்கும் ஹோட்டலும் சொல்ல வேண்டும். பத்துக் கிளை ஹோட்டலைக் கொல்லிமலையில் தேடினால் பலா மரத்தின் கிளைதான் கிடைக்கும். எழுதுகிற பொடி எழுத்தை எறும்புக்குப் படிக்கக் கொடுக்கலாம், அதுவும் ஆங்கிலம் தெரிந்த எறும்பாகப் பார்த்து. பட்டியலில் பால், முட்டை, மீன், கடலை எல்லாம் உண்டு. நம் தாளிப்பில் முதலில் வெடிக்கும் கடுகு இல்லை. இட்லிப் பொடியில் போடும் எள் இல்லை. இரண்டும் ஐரோப்பியப் பட்டியலில் இருக்கின்றன, அவர்கள் தாளிப்பதே இல்லை. சாம்பாரில் போடுகிற கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு இருக்கலாம் என்பதை எந்த மெஸ்காரரிடம் கேட்பது? கேட்டால் “பெருங்காயத்துல பெருங்காயம்தாங்க இருக்கும்” என்பார். பாவம், அவர் நம்புகிறார்.

சாமையும் தினையும் விளைந்த மலை அது. கோதுமை ஆகாதவனுக்கு அதைவிட என்ன வேண்டும்? அந்தச் சாமைக் காட்டில் பெரும்பகுதி மரவள்ளியாகி ஜவ்வரிசி ஆலைக்குப் போகிறது. 2023ஐ உலகச் சிறுதானிய ஆண்டாக்கச் சொல்லி ஐ.நா.வில் முன்மொழிந்தது நாம்தான். அந்த உற்சாகத்தில் தம்பி ஒரு சாமை பிஸ்கட் பாக்கெட் வாங்கினான். சேர்மானத்தில் முதல் பெயர் கோதுமை மாவு. சாமை நாலாவது இடத்தில், சர்க்கரைக்கும் எண்ணெய்க்கும் பின்னால், கல்யாண வீட்டில் ஏழை மாமன் போல நின்றது.

பேனா கிடைக்காததால் தம்பி இரண்டு குப்பி அட்ரினலினும் இரண்டு சிரிஞ்சும் ஒரு சோப்பு டப்பாவில் வைத்து வேனில் கொண்டுபோகிறான். டாக்டர் சீட்டை நாலாக மடித்து மேலே வைத்திருப்பான். போன மாதம் ஒரு சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். டப்பாவைத் திறந்தவர் முகம் மாறியது. ஊசி எதுக்கு, என்ன பழக்கம், எத்தனை வருஷமா என்று வரிசையாகக் கேள்வி. சீட்டை நீட்டினான். தலைகீழாகப் பிடித்துப் படித்தார். சட்டைக் கையை மடிக்கச் சொல்லி, ஊசி போட்ட தழும்பு தேடி முழங்கையில் விரலால் அழுத்தித் தேய்த்தார். தேய்த்த இடத்தில் புள்ளிகள் எழும்பின. இத்தனை வருடத்தில் அவனைத் தொட்டுப் பார்த்த இரண்டாவது ஆள் அவர்தான்.

உற்றுப் பார்த்தார். முகத்தில் இருந்த போலீஸ் களை போய்விட்டது.

“அடப்பாவமே, காணாக்கடியா தம்பி? வெத்தலையில நாலு மிளகு வெச்சு மெல்லு. சரியாப் போயிரும்.”

சோப்பு டப்பாவை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை.