பூ எப்போது வரும்? ஆர்க்கிட் கேள்வி-பதில்

கே: நாலு வருசமாக சிலிப்பர் ஆர்க்கிட் வளர்க்கிறேன் ஐயா. இலைதான் வருகிறது, பூவைக் காணோம். உரம் போதவில்லையா? (வாசகி, புளூ வேலி)

ப: உரப் பையைக் கீழே வைத்துவிட்டு பெயர்ச்சீட்டைப் பாருங்கள் அம்மா. பார்பாட்டம் என்றால் குடுவையை விட்டு வெளியே வந்த மூன்று நாலு வருடத்தில் பூக்க வேண்டும். கினபாலு மலையின் ரோத்ஸ்சைல்டியானம் என்றால் பத்து வருடம் தாண்டியும் காக்க வைக்கும். அவசரப்பட்டு உரத்தைக் கொட்டினால் வேர் நுனிதான் கருகும். பாக்கெட்டில் சொன்ன அளவில் கால் பங்கு போதும். இடையிடையே வெறும் மழைநீர் ஊற்றிச் சட்டியில் தங்கிய உப்பைக் கழுவிவிடுங்கள். உங்களுடையது பார்பாட்டம்தானா, இலையும் வெளுப்பில்லாத கரும்பச்சையாகத் தொங்குகிறதா? அப்படியானால் குறை வெளிச்சத்தில். நேர்வெயில் படாத வெளிச்சமான பக்கத்துக்கு நகர்த்துங்கள்.

கே: காய்கறித் தோட்டத்து பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே வைக்கலாமா? (வாசகர், கம்போங் ராஜா)

ப: கறுப்பு வலையும் கட்டினால் தாராளமாக. நம் ஊர்க் குளிர் பார்பாட்டத்துக்குப் பிடித்ததே. பயப்பட வேண்டியது மாலைத் தண்ணீருக்கு: குருத்தில் தேங்கி இரவெல்லாம் குளிர்ந்தால் காலையில் அழுகல் வாடை வரும். விடிந்ததும் ஊற்றுங்கள். டென்ட்ரோபியம் போல இதற்குத் தண்ணீர் சேர்த்து வைக்கும் தண்டு கிடையாது. அதனால் கரியும் மரப்பட்டையும் கலந்த சட்டி முழுதாகக் காயவும் விடக்கூடாது.

கே: பூத்து முடிந்த செடியை என்ன செய்வது? (வாசகி, தானா ராத்தா)

ப: வாழைக் கணக்குத்தான். பூத்த குருத்து மறுபடி பூக்காது, பக்கக்கன்று பூக்கும். ஆனால் வாழையைப் போல வெட்டிச் சாய்த்துவிடாதீர்கள். பழைய இலைகள்தாம் கன்றுக்குச் சோறு போடுகின்றன. காய்ந்த பூக்காம்பை மட்டும் நறுக்குங்கள். ‘பிரித்துக் கொடு’ என்று அக்கம்பக்கத்தார் கேட்டால், ஒரு கொத்தில் மூன்று கன்றாவது சேர்ந்திருக்கும்படி கொடுங்கள். ஒற்றையாகப் பிய்த்தால் பூ இன்னும் தள்ளிப்போகும்.

கே: பலனோப்சிஸ் மலிவு. இதற்கு மட்டும் ஏன் இந்த விலை? (வாசகர், ஈப்போ)

ப: பலனோப்சிஸை திசு வளர்ப்பில் ஒன்றிலிருந்து ஆயிரமாக்கலாம். சிலிப்பர் அதற்கு எளிதில் மசிவதில்லை. பெரும்பாலும் விதையிலிருந்துதான் வர வேண்டும். விதையோ தூசு, உள்ளே உணவே இல்லை. காட்டில் ஒரு பூஞ்சை ஊட்டி முளைக்க வைக்கிறது. பூஞ்சை இல்லாமலே, சர்க்கரை கலந்த அகார் கூழில் ஆர்க்கிட் விதையை முளைக்க வைக்கலாம் என்று 1922-இல் லூயிஸ் நட்சன் காட்டினார். அதற்குப் பிறகும் காய் முற்றப் பல மாதம், குடுவையில் ஒன்றிரண்டு வருடம், சட்டியில் இன்னும் சில வருடம். நீங்கள் கொடுக்கும் வெள்ளி யாரோ காத்திருந்த வருடங்களுக்கு. அது நியாயமான விலை என்பேன்.

கே: நம் நாட்டுச் செடிக்கு வெளியில் மதிப்பு உண்டா? (வாசகர், ரிங்லெட்)

ப: 1869-இல் இங்கிலாந்தில், வீச் நாற்றுப்பண்ணையில் ஜான் டோமினி பூக்க வைத்த ஹாரிசியானம்தான் உலகின் முதல் கலப்பின சிலிப்பர். அதன் பெற்றோரில் ஒன்று நம் தீபகற்பத்துப் பார்பாட்டம்.

கே: தமிழ்நாட்டுப் பக்கம் இந்த இனம் உண்டா? (வாசகி, பிரிஞ்சாங்)

ப: பொதிகையில் உண்டு. அகத்தியமலைத் தொடரில் மட்டுமே வளரும் ட்ரூரியை, மஞ்சள் பூவில் பழுப்புக் கோடு ஓடும் அழகி. தென்னிந்தியாவின் ஒரே சிலிப்பர் அதுதான். சேகரிப்பவர்கள் மூட்டை மூட்டையாகப் பிடுங்கிப் போனதில் அழிவின் விளிம்பில் நிற்கிறது. நினைத்தாலே வயிறு எரிகிறது.

கே: காட்டில் பிடுங்கிய செடி மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா? (வாசகர், கம்போங் ராஜா)

ப: வாங்காதீர்கள் தம்பி. இந்தப் பேரினம் முழுவதும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. காட்டுச் செடியை நாடு விட்டு நாடு விற்கத் தடை. பொதிகைக்கு நடந்தது நம் மலைக்கும் நடக்க வேண்டாம். குடுவையில் வளர்ந்த நாற்றா என்று கேளுங்கள். பெயர்ச்சீட்டு இல்லையென்றால் காசை எடுக்காதீர்கள்.