வெற்றி வெடி இலக்கணம்

தேர்தல் முடிவு முதலில் காதுக்குத்தான் வருகிறது. தேர்தல் நடத்தும் அலுவலர் கையெழுத்திட்டுச் சான்றிதழ் கொடுப்பதற்கு வெகுநேரம் முன்பே கட்சி அலுவலக வாசலில் வெடி போட்டுவிடுவார்கள். சிவகாசியைச் சுற்றியுள்ள எங்கள் ஊர்களில், சத்தம் வந்த திக்கை வைத்தே ஜெயித்தது எந்தக் கட்சி என்று சொல்லிவிடும் பெரியவர்கள் உண்டு. ஆனால் எத்தனை வாக்கில் ஜெயித்தார் என்பதை அந்தச் சத்தத்திலிருந்து அவர்களாலும் சொல்ல முடியாது. ஆயிரம் வாக்கில் வந்த வெற்றிக்கும் ஒரு லட்சம் வாக்கில் வந்த வெற்றிக்கும் ஒரே பத்தாயிரம் வாலாதான். வெடியைச் செய்து நாடு முழுவதும் அனுப்புகிற மண்ணில் இருந்துகொண்டு, அதை எப்போது, எவ்வளவு வெடிக்க வேண்டும் என்பதற்கு நாம் இன்னும் இலக்கணம் வகுக்கவில்லை. இங்கே அதைச் செய்து பார்க்கிறேன்.

முதலில் வரையறை. வெற்றி வெடியாவது, ஒரு தொகுதியின் முடிவை அத்தொகுதி மக்கள் அறியும்படி ஒலியால் உரைப்பது.

'முடிவை' என்றதனால் முன்னிலைக்குப் போடும் வெடி விலக்கப்பட்டது. இந்த விலக்கின் அருமை தெரிய வேண்டுமானால் 2024 ஜூன் 4ஆம் தேதியை நினைக்க வேண்டும். அது நாடாளுமன்றத் தேர்தல் என்றாலும் எண்ணியது நம் விருதுநகர்த் தொகுதியைத்தான். காங்கிரஸின் மாணிக்கம் தாகூருக்கும் தேமுதிகவின் விஜய பிரபாகரனுக்கும் இடையே முன்னிலை கைமாறிக்கொண்டே இருந்தது. கடைசியில் 3,85,256க்கு 3,80,877. வித்தியாசம் 4,379. நடுச்சுற்றுகளில் எவர் எங்கே வெடி போட்டிருந்தாலும் அது அந்தச் சுற்றைப் பற்றிய செய்தி, தொகுதியைப் பற்றியதல்ல. ஆகவே எண்ணிக்கை முடிந்து முடிவு அறிவிக்கப்பட்ட பிறகு வெடிப்பது மட்டுமே இலக்கணப்படி வெற்றி வெடி.

'ஒலியால்' என்றதனால் புஸ்வாணம், சங்குசக்கரம், கம்பி மத்தாப்பு, ராக்கெட் ஆகியவற்றின் ஒளி விலக்கப்பட்டது. அழகில் அவற்றுக்குக் குறையில்லை. ஆனால் ஒளி கட்சிகளிடையே சமமாக நடந்துகொள்வதில்லை. சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம் உப்பு இருக்கிறது, மஞ்சளுக்குச் சோடியம் இருக்கிறது. பச்சைக்குப் பேரியம் இருந்தது. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்பைத் தடை செய்துவிட்டது. கருப்பாக எரியும் உப்பு எதுவும் உலகில் இல்லை. அப்படியானால் தமிழ்நாட்டை 1967க்குப் பின் மாறி மாறி ஆண்ட இரு கட்சிகளின் கொடியிலும் உள்ள கருப்பை எந்த மத்தாப்பும் காட்டப்போவதில்லை. ஓசைக்கு இந்தச் சிக்கல் கிடையாது. எல்லாக் கட்சிக்கும் அது ஒன்றுதான்.

இனி அளவு. இங்கேதான் நான் அதிகநேரம் நிற்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இந்த இலக்கணம் பிறந்ததே ஓர் எண்ணிலிருந்து. அந்த எண் 1,285.

1967 பிப்ரவரியில் சென்னை மாநிலச் சட்டமன்றத்துக்குத் தேர்தல். விருதுநகரில் நின்றவர் காமராசர். விருதுபட்டி என்று பெயர் இருந்த காலத்தில் 1903இல் அந்த ஊரிலேயே பிறந்தவர். ஒன்பது ஆண்டுகள் முதலமைச்சராக இருந்து, 1963 காந்தி ஜெயந்தியன்று தாமாகப் பதவி விலகி, அப்போது அகில இந்தியக் காங்கிரஸின் தலைவராக இருந்தார். எதிரே திமுகவின் பெ. சீனிவாசன், 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் முன்னணியில் நின்ற மாணவர் தலைவர். ஊரெங்கும் அரிசிப் பஞ்சம். ரூபாய்க்கு மூன்று படி அரிசி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்று திமுக சொல்லியிருந்தது. ஜனவரி 12ஆம் தேதி எம்.ஜி.ஆர். சுடப்பட்டு, கழுத்துக் கட்டோடு அவர் இருந்த படம் சுவரெங்கும் ஒட்டப்பட்டிருந்தது. வாக்குச்சீட்டைக் கையால் பிரித்து எண்ணிய காலம். எண்ணி முடித்தபோது சீனிவாசனுக்கு 33,421, காமராசருக்கு 32,136.

இந்த முடிவை அறுபது ஆண்டுகளாக ஒரே சொல்லில் சொல்லிவருகிறோம்: காமராசர் தோற்றார். சொல் சரிதான், அளவு போய்விட்டது. இருவருக்கும் சேர்த்து விழுந்தவை 65,557 வாக்குகள். இவற்றில் 643 பேர் மட்டும் மனம் மாறியிருந்தால் முடிவு மாறியிருக்கும். எங்கள் பக்கத்தில் புரியும்படி சொல்வதானால், பட்டாசு ஆலையில் மருந்து கையாளும் அறையில் ஒரே நேரத்தில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. 643 பேர் என்றால் 161 அறை. ஒரு பெரிய ஆலை, அதையொட்டி ஒரு சின்ன ஆலை, அவ்வளவுதான். தோல்வியின் சேதி டில்லி வரை அதிர்ந்தது. அதன் அளவு இரண்டு ஆலைகளின் ஆள்கணக்குக்குள் அடங்கிவிடுகிறது. காமராசருக்கு விழுந்த 32,136 வாக்குகளைப் பற்றி அன்றைக்கும் எந்த வெடியும் பேசவில்லை, இன்றைக்கும் எந்தப் பாடப்புத்தகமும் பேசவில்லை. இது எனக்கு நெடுநாள் வருத்தம்.

மாநில அளவில் இதைவிட வியப்பு. அந்தத் தேர்தலில் காங்கிரஸ் வாங்கியது 41.10 விழுக்காடு, திமுக 40.69. இடங்களோ 234இல் திமுகவுக்கு 137, காங்கிரஸுக்கு 51. திமுக 174 தொகுதிகளில் மட்டும் நின்று மற்றவற்றைத் தோழமைக் கட்சிகளுக்கு விட்டிருந்தது, வாக்குகள் சிதறவில்லை, ஆகவே கணக்கில் தவறொன்றும் இல்லை. மாநிலத்தை மாற்றிய தீர்ப்பு அது என்பதிலும் எனக்கு ஐயமில்லை. ஆனால் தமிழ்நாடு காங்கிரஸைத் துடைத்தெறிந்தது என்று கேட்டு வளர்ந்த பிள்ளை, பத்தில் நான்கு பேர் அன்று காங்கிரஸுக்கே போட்டார்கள் என்பதை எங்கே கேட்கும்?

எனவே அளவுச் சூத்திரம் இது: வாக்கு வித்தியாசம் எவ்வளவோ அவ்வளவு வெடி. கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். இரு பக்கமும் சமமாக விழுந்த வாக்குகள் ஒன்றையொன்று நேர் செய்துவிட்டன; அவை மௌனமாக நிற்கட்டும். எஞ்சிய வாக்குதான் ஒருவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்புகிறது. வாக்குக்கு ஒரு வெடி.

இந்தச் சூத்திரத்துக்கு நான் எதிர்பாராத இடத்திலிருந்து ஆதரவு கிடைத்தது. 1999இல் மத்திய அரசு சுற்றுச்சூழல் விதிகளில் பட்டாசுக்கு ஒலி வரம்பு வைத்தது. நான்கு மீட்டர் தொலைவில் ஒரு வெடி 125 டெசிபலைத் தாண்டக் கூடாது. சரமாகக் கோத்தால், கோத்த வெடிகளின் எண்ணிக்கைக்கு மடக்கை எடுத்து, அதை ஐந்தால் பெருக்கி, வந்ததை 125இலிருந்து கழித்துக்கொள்ள வேண்டும். நூறு வெடிச் சரத்தில் ஒவ்வொரு வெடியும் 115 டெசிபலுக்குள், ஆயிரத்தில் 110க்குள், பத்தாயிரத்தில் 105க்குள். நம் சூத்திரத்தை இதில் வைத்துப் பாருங்கள். 1,285 வெடிச் சரத்தின் ஒவ்வொரு வெடிக்கும் ஏறக்குறைய 109 டெசிபல். 4,379 வெடிச் சரத்தில் 107க்கும் கீழே. வெற்றி பெருகப் பெருக ஒவ்வொரு வெடியும் தணிந்து பேச வேண்டும் என்று அரசிதழில் எழுதியிருக்கிறது. இதை எழுதிய அதிகாரி தேர்தலை நினைத்திருக்க மாட்டார். ஆனாலும் நம் நாட்டு விதிகளில் இவ்வளவு நயமான ஒன்றை நான் படித்ததில்லை.

முழு 125 டெசிபலுக்கு உரிமை யாருக்கு? ஒரே வாக்கில் வென்றவருக்கு மட்டும். ஒன்றின் மடக்கை சுழி, கழிக்க ஒன்றுமில்லை. அப்படி வென்றவர்கள் உண்டு. 2004இல் கர்நாடகத்தின் சந்தேமரஹள்ளியில் 40,752க்கு 40,751. 2008இல் ராஜஸ்தானின் நாத்துவாராவில் 62,216க்கு 62,215. அந்த இரண்டு ஊரிலும் ஒரே ஒரு வெடி, முழுச் சத்தத்தில், வெடித்திருக்க வேண்டும்.

சரிசமமாக விழுந்தால் என்ன செய்வது என்று ஒரு தடை எழுப்பலாம். விடை: சுழிக்கு மடக்கை இல்லை, கணிதம் கைவிரித்துவிடும். சட்டம் கைவிரிக்கவில்லை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 65ஆம் பிரிவு குலுக்கல் போடச் சொல்கிறது. உத்திரமேரூர்க் கல்வெட்டில் பராந்தக சோழன் காலத்துக் குடவோலை முறை சொன்னதும் குலுக்கல்தான்: பனையோலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டு ஒரு சிறுவனை எடுக்கச் சொன்னார்கள். பனையோலை மடித்து மருந்து வைத்துக் கட்டிய ஓலைவெடியை எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோரும் அறிவார்கள். வாக்கும் வெடியும் ஒரே மரத்தில் பிறந்தவை என்று சொல்லும் அளவுக்குப் போகமாட்டேன். ஆனால் குலுக்கலில் வந்தவருக்கு எத்தனை வெடி என்று கேட்டால், ஓர் ஓலைவெடி கூட இல்லை என்பதே என் விடை. வித்தியாசம் இல்லாத இடத்தில் வெடி இல்லை.

இரண்டாவது தடை கடினமானது. அந்த 2018 தீர்ப்பிலேயே சரவெடியும் தடை செய்யப்பட்டது. காற்றையும் காதையும் கெடுப்பதோடு தெருவெல்லாம் குப்பையாக்குகிறது என்பது நீதிமன்றம் சொன்ன காரணம். சரமே இல்லையென்றால் சரத்துக்கு இலக்கணம் எதற்கு?

என் பெரியம்மா சரம் பின்னியவர். வீட்டுத் திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே குட்டி வெடிகளின் திரியைச் சேர்த்துப் பின்னிக்கொண்டே போவார். பேசுவார், சிரிப்பார், எங்களைத் திட்டுவார். எண்ணிக்கை மட்டும் தப்பாது. கூலி எண்ணிக்கைக்குத்தான். ஒருநாள் நடுவில் கைவைத்த என்னை அதட்டினார். "நடுவுல திரி அந்துச்சுன்னா அதுக்கு அங்கிட்டு இருக்கிறது எல்லாம் செத்த வெடியாப் போயிரும்யா." விரலில் ஏறிய வெள்ளி நிற மருந்துப் பொடி சோறு பிசையும்போதும் முழுதாகப் போயிருக்காது. சரவெடியை நான் வாதாடிக் காப்பாற்றப் போவதில்லை. ஆனால் பெரியம்மாவைப் போன்ற பெண்கள் எண்ணிய எண்ணிக்கையை எந்த வெற்றி ஊர்வலமும் எண்ணிப் பார்த்ததில்லை என்பதைப் பதிவு செய்ய வேண்டும்.

2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் ஒரு பட்டாசு ஆலை வெடித்து இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். சட்டமன்றத் தேர்தலுக்கான வாக்காளர் பட்டியல் ஜனவரியிலேயே வெளியாகியிருந்தது. ஏப்ரல் 6ஆம் தேதி வாக்குப்பதிவு நடந்தபோது எங்கள் மாவட்டத்தின் பட்டியலில் பெயர் இருந்தும் வர இயலாமல் போனவர்கள் அவர்களில் இருந்திருப்பார்கள். மே 2ஆம் தேதி எண்ணிக்கையன்று கொரோனாவை முன்னிட்டு வெற்றிக் கொண்டாட்டத்துக்குத் தேர்தல் ஆணையம் தடை போட்டிருந்தது. அந்த ஆண்டு மட்டும் அந்தத் தடை வேறொரு காரணத்துக்காகவும் பொருத்தமாக எனக்குப் பட்டது.

சரவெடித் தடைக்கு வருவோம். சரம் கூடாது, ஒற்றை வெடி கூடும். ஆகவே வெற்றி வெடியை ஒவ்வொன்றாகத்தான் பற்றவைக்க வேண்டும். இதனால் சூத்திரம் கெடவில்லை, கூர்மையாகிறது. சரத்துக்கு ஒருமுறை தீ வைத்துவிட்டு ஒதுங்கிவிடலாம். ஒற்றை வெடிக்கு ஒவ்வொரு முறையும் குனிய வேண்டும், திரி பிடித்ததா என்று பார்க்க வேண்டும், விலக வேண்டும். ஊதுபத்தியும் பழகின கையும் இருந்தால் வெடிக்கு ஐந்து விநாடி என்று வைக்கலாம். வென்றவரே பற்றவைக்க வேண்டும் என்பது இதன் துணைவிதி. தொண்டரிடம் கொடுக்கக் கூடாது.

நேரத்துக்கும் நாமாக விதி செய்ய வேண்டியதில்லை. தீபாவளிக்கு நாளொன்றில் இரண்டு மணி நேரம் என்று நீதிமன்றம் வரம்பு வைக்க, அதைத் தமிழக அரசு காலை 6 முதல் 7 வரை, மாலை 7 முதல் 8 வரை என்று பிரித்தது. அதையே தேர்தலுக்கும் எடுத்துக்கொள்கிறேன். மணிக்கு 720 வெடி. ஒரு நாளைக்கு 1,440. அதற்குமேல் வித்தியாசம் உள்ளவர் மறுநாளும் வர வேண்டும். 4,379 என்றால் நான்கு நாள். ஒரு லட்சம் வாக்கில் வென்றவருக்கு எழுபது நாள். விடிகாலையும் அந்தியும் அவர் தம் தொகுதியில், தெருவில், குனிந்த தலையோடு இருப்பார். அதற்குள் ஒரு சட்டமன்றக் கூட்டத்தொடரே தொடங்கிவிடலாம். அனுமதி பெற்றுக்கொள்ளட்டும்.

1967இன் விருதுநகர் முடிவை இந்த இலக்கணப்படி வெடிப்பதானால் ஒரே நாள் போதும். தெப்பக்குளத்தின் ஓரமாக, காலையில் 720. பிறகு ஊர் கடை திறந்து, பருப்பும் எண்ணெயும் வத்தலும் விற்று, பள்ளிக்கூடம் போய்த் திரும்பும். மாலை ஏழு மணிக்கு மீதி 565. கடைசி வெடி 7 மணி 47 நிமிடத்துக்கு வெடித்துவிடும். எட்டு அடிக்க 13 நிமிடம் இருக்கிறது. காகிதக் குப்பையைக் கூட்டி அள்ள அது போதும், வென்றவரும் ஒரு விளக்குமாறு பிடித்தால்.