ஊருக்குத்தான் உபதேசம்

கேள்வி: கணினியில் கோலோச்சிய ஃப்ளாஷ், கைப்பேசியில் ஏன் காலூன்றவில்லை? (ஓசூர் வாசகர்)

பதில்: மின்சாரத்தைத் தாராளமாக உண்டு மேஜைக் கணினியில் வளர்ந்த, காணொளி ஓட்டும் அந்தச் செருகுநிரலுக்குக் கைப்பேசியின் பேட்டரி காலைப் பலகாரத்துக்கே காணாது, சூத்திரக் கயிறோ அடோபி நிறுவனத்தின் கையில் மட்டுமே இருந்தபடியால், பிறர் அதைச் செப்பனிடவும் மார்க்கமில்லை. வன்பொருள் துணையோடு 10 மணி நேரம் ஓடும் காணொளி, வெறும் மென்பொருளால் ஓடினால் 5 மணி நேரத்துக்குள் பேட்டரியைத் தீர்த்துவிடும் என்று 2010-இல் பகிரங்கமாக வாதித்த, ஐபோனைத் தந்த ஸ்டீவ் ஜாப்ஸ், எவர்க்கும் பொதுவான இணையத் தரமான எச்.டி.எம்.எல். 5-ஐச் சிலாகித்தார், மறு வருஷமே அடோபி கைப்பேசி ஃப்ளாஷைக் கைவிட்டது. உங்கள் ஓசூர்ப் பக்கத்து டாட்டா ஆலையில் இன்று உறுப்புகள் தயாராகும் அதே ஐபோனோ, தன் செயலிக் கடையின் சாவியைத் தானே வைத்துக்கொண்டது. ஊருக்குத்தான் உபதேசம் என்பதற்குச் சர்வதேசத் தரம் ஏற்கெனவே உண்டு!